டீயும் பிஸ்கட்டும் காலை உணவாகுமா?

 

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீடு வீடாகச் செல்லும்போது காலையில் நாங்கள் அதிகம் பார்ப்பது, சின்னப் பிள்ளையின் கையில் டீயும் பிஸ்கட்டும்தான். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது. பிள்ளை அழாது, வேலை நடக்கும். ஆனால் டீ, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பிஸ்கட்டில் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். வயிறு அடைத்துக்கொள்வதால் இட்லியும் இறங்காது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை.

மல்லாட்டை நம் மண்ணில் விளைவது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களுக்கு டி.எம்.வி. என்று நம் ஊர்ப் பெயரே இருக்கிறது. அதை விற்றுவிட்டு பிஸ்கட் வாங்குகிறோம்! வறுத்துப் பொடித்து வெல்லம் சேர்த்துக் கொடுங்கள். முழுப் பருப்பு வேண்டாம், சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு குழைத்த சோறு, பருப்பு, முட்டை. கூடவே இரண்டு வயதுவரை தாய்ப்பாலும். குர்ஆனும் (2:233) பாலூட்ட முழுமையாக இரண்டு ஆண்டுகளைச் சொல்கிறது.

அங்கன்வாடி சத்துமாவு பிள்ளைக்கு உரியது. அது பெரியவர்களின் மாலைக் கொழுக்கட்டையாகிவிடக் கூடாது.

அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. ஊட்டும் முன்பும் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பின்பும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்கள் வீட்டுக்குள் பிடிக்காதீர்கள்.

இந்த மாதம் அங்கன்வாடியில் எடை போட்டு, அட்டையை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். போன மாதத்தைவிடக் கோடு ஏறியிருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.