புகையடுப்பில் ஓர் இறைச்சிச் சுருள்

விறகுப்புகை சூழ மெல்லனலில் இறைச்சியை வேகவைக்கும் மூடியடுப்பு அமெரிக்க நாட்டாருக்கு மிக உகந்தது. அதில் வேகும் கொத்துக்கறிச் சுருளுக்குள் கிரேக்கப் பண்டங்களைப் பொதிவாரும் உண்டு. அம்முறையை நாமும் ஒருநாள் முயன்றோம்.

வடபுலத்துக் கடைகளில் ‘கீமா’ எனக் கேட்டு வாங்கும் ஆட்டுக் கொத்துக்கறியே போதும். அதனை அரையங்குலக் கனத்தில் பரப்பி, வதக்கிய பசலைக்கீரை, ஆலிவ் காய், ஃபெட்டா என்னும் பாலாடைக்கட்டி ஆகியவற்றை வைத்துச் சுருட்டினோம். ஃபெட்டா உப்புநீரில் ஊறியது. ஆதலின் கறிக்கு உப்பைக் குறைத்தல் வேண்டும். கீரையை நன்றாகப் பிழியாவிடில் சுருள் பிளந்துவிடும்.

அடுப்பின் வெப்பம் 110 பாகை செல்சியஸ். இரண்டு மணி நேரத்தில் மேற்புறம் அழகாகச் சிவந்தது. விருந்தினரும் அமர்ந்துவிட்டனர். அறுத்தோம், நடுப்பகுதி பச்சையாகவே இருந்தது! நாணத்தோடு மீண்டும் அடுப்பிலேற்றினோம்.

முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கும். கொத்தும்போதோ அவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. ஆகவே நட்டநடுவில் வெப்பமானியைச் செருகி, 71 பாகை காணும்வரை பொறுத்தல் வேண்டும். நிறத்தை நம்புதற்கில்லை. புகைபட்ட கறி நன்கு வெந்த பின்னும் ஓரத்தில் இளஞ்சிவப்பாகவே தோன்றும்.

அன்று விருந்தினர் உண்ணத் தொடங்கியபோது இரவு மணி பத்து.