முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்!



முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றும் பெண்களை விட்டுவிட்டு, இந்தத் தாமிரபரணிக் கரையில் மருத்துவச் செலவைப் பற்றிப் பேச முடியாது. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக் கடையில் ஒப்படைத்தால்தான் கணக்கு ஏறும். கை நின்ற அன்றைக்கே வரவும் நின்றுவிடும்.

அப்படிப்பட்ட ஒரு தாய்க்கு மார்பில் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தனியாரிடமும் வைத்தியம் பார்க்கலாம். 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் புது வடிவம் பெற்ற திட்டம் அது. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதைக் குறை சொல்ல இந்த மேடை போடவில்லை.

ஆனால் அட்டை ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறதே! நோய் இன்னதென்று தெரியுமுன் வெளியே எடுத்த ஸ்கேன், துணைக்கு வந்த மகன் இழந்த கூலி, ஊசி போட்டுவந்து சுளவைத் தூக்கத் தெம்பில்லாமல் கிடக்கும் வாரங்கள்: இதற்கெல்லாம் பணம் எங்கே? முதலில் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. பிறகு குழுக் கடன். அதற்கும் பிறகு மகளின் படிப்பு.

மக்கள் தம் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவு, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22இல் 39.4 ஆகக் குறைந்துவிட்டது என்று டெல்லி பெருமை பேசுகிறது. குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கில் சுற்றாமல் போன பீடியின் கூலி ஒரு பைசாகூட இல்லை!

பீடி சுற்றுகிறவர்களுக்கென்று ஒரு நிதி இருந்தது. 1976இல் சட்டம் போட்டு, பீடிக்குச் செஸ் வசூலித்துச் சேர்த்த நல நிதி. முக்கூடல் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி அந்த ஏற்பாட்டில் வந்ததுதான். 2017இல் ஜிஎஸ்டி வந்தது, செஸ் ஒழிந்தது. பீடிக்கு 28 சதவீத வரி போட்டார்கள், சுற்றுகிறவளுக்கென்று ஒதுக்கிய காசை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

செஸ் போனாலும் பீடித் தொழிலாளர் நலத்திட்டம் தொடர்கிறது. அதன் விதியைப் பாருங்கள். புற்றுநோய்க்கு 7.5 லட்சம் வரை உதவி உண்டு. எப்படி? செலவழித்துவிட்டு ரசீதைக் கொண்டுவந்தால்! கையில் லட்சம் இருப்பவள் எதற்காகப் பீடி சுற்றப் போகிறாள்?

ஆலைத் தொழிலாளி இஎஸ்ஐயில் இருந்தால், புற்றுநோய்க்கு 80 சதவீதக் கூலி இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழி இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து சுற்றுபவளுக்கு அது எட்டவில்லை. அரசாங்கமே, நலத்திட்டப் பணத்தை ரசீது கேட்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கட்டு. படுக்கையில் கிடக்கும் நாளுக்குக் கூலி கொடு. அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.