காத்திருப்பவர்களும் காக்க வைப்பவர்களும்

(திருவருகைக் காலத்தின் முதலாம் கிழமையில், தோட்டத்துச் சமூக மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்குப் போய், மழையில் நனைந்து கொழுந்து எடுத்து, வீட்டில் அடுப்பையும் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே அதிக நேரம் பேசி உங்களைக் காக்க வைக்க மாட்டோம். காக்க வைப்பது பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

நத்தார் பண்டிகைக்கு முன்னே வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட காலத்தைத் திருவருகைக் காலம் என்கிறோம். நவம்பர் 30ஆம் திகதி புனித அந்திரேயாவின் திருநாள். அந்தத் திகதிக்குக் கிட்டிய ஞாயிறு எதுவோ, அன்றைக்குத் திருவருகைக் காலம் தொடங்கும். திருச்சபையின் வருடமும் அன்றைக்குத்தான் ஆரம்பம். நாட்காட்டியில் ஜனவரி முதலாம் திகதி புதுவருடம். ஆலயத்தில் அதற்கு ஒரு மாதம் முந்தியே புதுவருடம் பிறந்து விடுகிறது. எல்லாச் சபைகளும் இதை ஒரே விதமாக அனுசரிப்பதில்லை. சில சபைகள் அனுசரிப்பதே இல்லை. ஆனால் எதற்காக இந்தக் காலம் என்று தெரிந்து கொள்வது எல்லோருக்கும் நல்லது.

பூசைக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். இந்த நாட்களில் குருவானவர் ஊதா நிற உடை அணிகிறார். ஞாயிறு பூசையில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. மூன்றாம் ஞாயிறு மட்டும் இளஞ்சிவப்பு உடை அணியலாம். பண்டிகை கிட்டி வந்துவிட்டது என்ற மகிழ்ச்சிக்கு அது அடையாளம். மற்றபடி இது கொண்டாட்டத்தின் காலம் அல்ல. வீட்டைக் கூட்டி, மனதையும் கூட்டித் துடைக்கிற காலம்.

பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரி வைத்துக் கிழமைக்கு ஒன்றாகக் கொளுத்துகிறார்களே, அந்த வழக்கத்தின் கதை பலருக்குத் தெரியாது. ஜெர்மனியில் ஹம்பர்க் நகரத்தில் விக்கெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்தினார். பிள்ளைகள் ஓயாமல், "நத்தார் எப்போ வரும், எப்போ வரும்?" என்று கேட்டுக் கொண்டே இருந்தார்களாம். 1839ஆம் ஆண்டு அவர் ஒரு பழைய வண்டிச் சில்லை எடுத்து, அதிலே ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய மெழுகுதிரியும் மற்ற நாட்களுக்குச் சிறிய மெழுகுதிரியும் வைத்து, நாளுக்கு ஒன்றாகக் கொளுத்தினார். இன்றைக்குப் பெரிய பெரிய ஆலயங்களில் இருக்கிற அந்த அழகான வளையம், காத்திருந்த ஏழைப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல ஒருவர் எடுத்த வண்டிச் சில்லில் இருந்துதான் வந்தது.

காத்திருப்பது என்றால் என்ன என்று மலைநாட்டு மக்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் எங்கள் பாட்டன் பாட்டிமார் நாடு அற்றவர்கள் ஆனார்கள். 1964இல் ஒப்பந்தம் ஒன்று வந்து, ஒரு பகுதியினரை அந்தக் கரைக்கும் இன்னொரு பகுதியினரை இந்தக் கரைக்கும் பங்கு போட்டது. மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. எண்ணிப் பாருங்கள், 55 வருடம். அதற்குப் பிறகும் வீட்டுக்கும், காணி உறுதிக்கும், சம்பளத்துக்கும் காத்திருக்கிறோம். ஆகவே 'காத்திருங்கள்' என்று ஆலயத்தில் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வருவது நியாயம்தான். "காத்திருந்து காத்திருந்துதான் எங்கள் காலமே போச்சு, கடவுளும் காத்திருக்கவா சொல்றாரு?" என்று ஒரு அண்ணன் எங்களிடம் கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் பேச்சு.

முதலாவது, திருவருகைக் காலம் சொல்லும் காத்திருப்பு கையைக் கட்டிக் கொண்டு இருப்பது அல்ல. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருக்கிறீர்கள். இலை ஒன்று இல்லை. வெறும் கட்டைதான் நிற்கும். வெளியூரில் இருந்து வருகிறவர் பார்த்தால் செடி செத்துப் போச்சு என்றுதான் நினைப்பார். ஆனால் அந்த மாதங்களில் அந்த மலையில் வேலை நிற்கிறதா? பாசி சுரண்டுகிறோம். புல்லு எடுக்கிறோம். கான் வெட்டித் துப்புரவு செய்கிறோம். கொழுந்து வருவது நம் கையில் இல்லை. ஆனால் கொழுந்து வருவதற்கு மலையைத் தயார் செய்வது நம் கையில் இருக்கிறது. திருவருகைக் காலமும் அப்படித்தான். ஆண்டவர் வருவது அவருடைய கிருபை. பாசியைச் சுரண்டுவது எங்கள் வேலை.

இரண்டாவது, வருகை என்பது பழைய கதை மட்டும் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்னார்து என்ற துறவி மூன்று வருகைகள் பற்றிப் பிரசங்கித்தார். ஒன்று, பெத்லகேமில் பாலனாய் வந்தது. இன்னொன்று, உலக முடிவில் மகிமையோடு வரப்போவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருகை இருக்கிறது. அது இன்றைக்கு, ஒவ்வொருவர் உள்ளத்திலும் நடப்பது. முதலாவது வருகைக்குக் குடில் கட்டுகிறோம். கடைசி வருகையை நினைத்துப் பயப்படுகிறோம். நடுவில் இருக்கிற இன்றைய வருகையைத்தான் மறந்து விடுகிறோம்.

இந்தக் காலத்தில் ஆலயத்தில் அதிகம் வாசிக்கப்படுகிறவர்களில் ஒருவர் திருமுழுக்கு யோவான். லூக்கா எழுதிய நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் வருகிறது. ஜனங்கள் அவரிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் யாத்திரை போகச் சொல்லவில்லை, நேர்த்தி வைக்கச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வாங்குகிறவர்கள் வந்து கேட்கிறார்கள். குறித்த தொகைக்கு மேலே வாங்க வேண்டாம் என்கிறார். போர்ச் சேவகர்கள் கேட்கிறார்கள். ஒருவரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம், கிடைக்கிற சம்பளம் போதும் என்று இருங்கள் என்கிறார். அவ்வளவுதான். ஒருவரையும் வேலையை விட்டு வரச் சொல்லவில்லை. செய்கிற வேலையை நேர்மையாகச் செய்யச் சொன்னார்.

அந்த யோவான் இன்றைக்கு எமது தோட்டத்துக்கு வந்தால் என்ன சொல்லுவார்? கொழுந்து நிறுப்பவரைப் பார்த்து, நிறையைச் சரியாகப் போடு என்பார். செக்ரோல் எழுதுகிறவரைப் பார்த்து, வேலை செய்தவருக்குப் பேர் போடு என்பார். வட்டிக்குக் கொடுப்பவரையும் விடமாட்டார். நலன்புரி அலுவலகத்துக்கு வந்தால்? அதைத்தான் வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தோம். மலையில் நாற்பது வருடத்துக்கும் மேலே வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, ஊழியர் சேமலாப நிதியை எடுப்பதற்கு வந்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, செக்ரோலில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நாங்கள் ஒரு கடிதம் தயாரித்துத் துரையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது மார்கழி மாதம். பண்டிகை முற்பணப் பட்டியல், விளையாட்டுப் போட்டி, கூட்டம் என்று ஓடிக் கொண்டிருந்தோம். "நாளைக்கு வாங்க பாட்டி" என்றோம். மறுநாள் வந்தார். "திங்கக்கிழமை வாங்க" என்றோம். வந்தார். இப்படி நான்கு தரம் மேல் கணக்கில் இருந்து இறங்கி வந்து, வெளியில் வாங்கில் உட்கார்ந்து விட்டுப் போனார். ஒரு நாளும் சத்தம் போட்டது இல்லை.

ஐந்தாவது தரம் வரவில்லை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டு லயத்துக்குப் போனோம். காம்பராவின் கூரைத் தகரம் ஓட்டை. கட்டிலை ஒரு மூலைக்கு இழுத்து, மழை ஒழுகும் இடத்தில் சட்டியும் வாளியும் வைத்திருந்தார்கள். சுவரில் மாதா படம். அதற்கு முன்னே ஒரு சின்ன மெழுகுதிரி. அந்தக் காசு வந்தால் நாலு தகரம் மாற்றலாம் என்றுதான் அலைந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். "ஐயாவுக்கு வேலை இருந்திருக்கும், அதான் நான் அவசரப்படுத்தல்ல" என்றார்.

அன்றைக்கே அலுவலகத்துக்கு வந்து அந்தக் கடிதத்தை எழுதினோம். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த அரை மணித்தியால வேலைக்கு ஒரு வயதான மனுஷி நான்கு நாள் மழையில் நடந்திருக்கிறார். பணம் நத்தாருக்கு வரவில்லை. பண்டிகை இரவில் அந்த வீட்டில் மழை ஒழுகிக் கொண்டுதான் இருந்தது. நாங்களோ அந்த மாதம் முழுக்க ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய், ஆண்டவரே வாரும் என்று பாடிக் கொண்டிருந்தோம். அவர் நான்கு தரம் வந்து வாங்கில் உட்கார்ந்து விட்டுப் போனதை நாங்கள் காணவில்லை.

டீட்ரிக் போன்ஹோபர் என்ற ஜெர்மன் போதகர் ஹிட்லரை எதிர்த்ததற்காக 1943இல் சிறையில் போடப்பட்டார். 1945 ஏப்ரலில் கொல்லப்பட்டார். அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில், திருவருகைக் காலத்துக்கும் சிறை அறைக்கும் ஒற்றுமை சொல்கிறார். சிறையில் இருப்பவன் ஏதேதோ செய்து பொழுதைப் போக்கலாம். ஆனால் கதவை உள்ளிருந்து திறக்க அவனால் முடியாது. வெளியில் இருந்து யாராவது வந்துதான் திறக்க வேண்டும். கடவுளுக்காகக் காத்திருக்கும் மனிதனின் நிலைமை அதுதான் என்பது அவர் கருத்து. இதை ஒரு சுவாமியார் எங்களுக்குச் சொன்னபோது அந்தப் பாட்டியின் நினைவுதான் வந்தது. அவருடைய கதவுக்கு வெளியில் நின்றது நாங்கள். சாவியும் எங்கள் கையில்தான் இருந்தது.

ஆகவே அந்த அண்ணனுக்கு இன்றைக்கு நாங்கள் சொல்லும் பதில் இது: கடவுள் நம்மை வெறுமனே காத்திருக்கச் சொல்லவில்லை. காத்திருக்கிற வலி தெரிந்தவர்கள் நீங்கள். இன்னொருவரைக் காக்க வைக்காதீர்கள் என்கிறார். எங்களுக்கு வரவேண்டியதைக் கேட்கும் உரிமை இதனால் குறையாது. கேட்க வேண்டியதைச் சங்கத்தின் மூலமும் சட்டத்தின் மூலமும் கேட்டுக் கொண்டே இருப்போம். அதோடு, எங்கள் கையில் இருக்கிற சாவியையும் தேடிப் பார்ப்போம்.

தோட்டத்தில் காத்திருப்பவர்கள் யார் யார்? முற்பணம் எடுத்த நாளில் புருஷன் நேரே வீட்டுக்கு வருவாரா, சாராயக் கடைக்குப் போவாரா என்று வாசலைப் பார்த்து நிற்கும் மனைவி. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் ஒரு போன் எடுப்பானா என்று இருக்கும் தாய். பீலிக்கரையில் நடந்த ஒரு வாய்ச் சண்டைக்காக இரண்டு வருடமாகப் பேசாமல் இருக்கும் பக்கத்துக் காம்பரா அக்கா. வாங்கிய கைமாற்று எப்போது திரும்பும் என்று கேட்க வெட்கப்படும் கூட்டாளி. இவர்களுக்கெல்லாம் துரையும் அரசாங்கமும் வந்து கதவைத் திறக்க வேண்டியதில்லை.

அதனால் நான்கு கிழமைக்கு நான்கு காரியம் சொல்கிறோம். முதலாம் கிழமை, எமக்காகக் காத்திருப்பவர் யார் என்று யோசித்து ஒரு பெயரையாவது எழுதி வைப்போம். இரண்டாம் கிழமை, பேசாமல் இருப்பவரோடு போய்ப் பேசுவோம், கைமாற்றைக் கொடுப்போம். முழுதும் முடியாவிட்டால் பாதியாவது கொடுப்போம். மூன்றாம் கிழமை, யோவான் சொன்னபடி இரண்டு இருந்தால் ஒன்று. கம்பளி ஆகட்டும், பிள்ளையின் பாடசாலைச் சட்டை ஆகட்டும். நான்காம் கிழமை, நடக்க முடியாதவர் ஒருவரை வீட்டில் போய்ப் பார்ப்போம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்டிகை முற்பணம் இலவசம் அல்ல; புதுவருடச் சம்பளத்தில் மாதா மாதம் வெட்டப்படும். வட்டிக்கு வாங்கி, தோட்டை அடகு வைத்துக் கொண்டாட வேண்டாம். பாலன் பிறந்தது கடன் வாங்கிய மாளிகையில் அல்ல.

எமது லயங்களில் ஒரு காம்பராவில் ஐயப்பனுக்கு மாலை போட்டு விரதம் இருக்கிறார்கள். அடுத்த காம்பராவில் திருவருகை மெழுகுதிரி எரிகிறது. இன்னும் சில நாளில் திருவெம்பாவைக்குக் கோயில் மணி அடிக்கும். எல்லாரும் ஒரே குளிரில், ஒரே மழையில்தான் காத்திருக்கிறோம். நாங்கள் சொன்ன நான்கு காரியத்துக்கும் சமய வித்தியாசம் கிடையாது.

கடைசியாக ஒன்று. நலன்புரி அலுவலகத்துக்கு வெளியில் அந்த வாங்கு இப்போதும் இருக்கிறது. இந்த மாதத்தில் யாராவது அதிலே இரண்டாம் தரம் வந்து உட்கார வேண்டி வந்தால், கதவைத் தட்டி எங்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். கோபித்துக் கொள்ள மாட்டோம்.

எல்லோருக்கும் அமைதியான திருவருகைக் காலம் கிடைக்கட்டும்.