மிளகு விலை யாருக்குத் தெரியும்?



கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கியது. தரகர் மேடையில் நின்று தொகுதி இலக்கத்தைச் சொல்வார், வாங்குபவர்கள் விலை கேட்பார்கள், சுத்தியல் விழும். இதைக் கணினிக்கு மாற்றலாம் என்று பல வருடங்களாகப் பேச்சு இருந்தது, பேச்சாகவே இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு ஊரடங்கில் முடங்கியபோது ஏலமும் நின்றுபோனது. ஏப்ரல் முதல் வாரத்தில் பார்த்தால், ஏலம் திரையில் நடக்கிறது! நூறு வருடத்துக்கு மேல் மாறாத ஒரு வியாபார முறை சில வாரங்களில் இணையத்துக்குப் போய்விட்டது. வேண்டியவர்களுக்கு வேண்டும் என்றால் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது பாருங்கள்.

அந்தத் திரையில் தேயிலை என்ன விலைக்குப் போனது என்பது தோட்டத்து லயத்தில் இருக்கிற ஒருவருடைய அன்றாடத்தைப் பெரிதாக மாற்றாது. அவருக்கு நாள் சம்பளம். ஆனால் அதே லயத்துக்குப் பின்னால், முள்முருக்கு மரத்தில் நாலு மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. அந்த மிளகு அவருடையது. அதன் விலை அவருக்குத் தெரியவேண்டும். அது எந்தத் திரையில் தெரிகிறது? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

மாவனல்லையை எடுத்துக்கொள்வோம். கொழும்பு–கண்டி வீதியில், மகா ஓயாவைக் கடக்கிற இடத்தில் இருக்கிற ஊர். 1833இல் கட்டிய வளைவுப் பாலம் இன்றும் அங்கே நிற்கிறது. வீதி வந்தது, கடைகள் வந்தன. பிறகு 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அது மாவனல்லைக்கு வராமல் ரம்புக்கனைப் பக்கமாகக் கடுகண்ணாவைக்கு ஏறிப் போனது. ஆக, மாவனல்லை வீதியால் வளர்ந்த ஊர், வியாபாரிகளின் ஊர். அரநாயக்க, ஹெம்மாத்தகம பக்கத்து மலைகளிலிருந்து மிளகு, கராம்பு, சாதிக்காய், பாக்கு, கித்துள் பாணி எல்லாம் இறங்கி வருவது இங்கேதான். தோட்டத்து ஆட்களும் கிராமத்து ஆட்களும் ஒரே கடை வாசலில்தான் நிற்கிறார்கள்.

அந்தக் கடை வாசலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஓர் அம்மா ஒன்றரைக் கிலோ மிளகைப் பையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறார். கடைக்காரர் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார். உள்ளங்கையில் உருட்டுகிறார். ஒன்றை வாயில் போட்டுக் கடிக்கிறார்.

"ஈரம் இருக்கே தங்கச்சி."

"நாலு நாளு நல்ல வெயில்ல காய வச்சேன் மொதலாளி."

"எங்க வெயில்? ராவெல்லாம் மழைதானே."

விலை சொல்லப்படுகிறது. அம்மா தலையாட்டுகிறார். வேறு என்ன செய்வார்? பையைத் திரும்பக் கட்டிக்கொண்டு கேகாலைக்குப் போகவா? பஸ் காசு யார் தருவது? பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். அவ்வளவு பாடுபட்டு வந்தவர், சொன்ன விலையை வாங்கிக்கொண்டு மா, சீனி, பருப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இந்த இடத்தில் கடைக்காரரைக் கள்வன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு முற்பணம் கொடுத்தவர் அவராக இருப்பார். கடன் கொப்பியில் அந்த அம்மாவின் பெயரை வருடக்கணக்காக வைத்திருப்பவரும் அவர்தான். வங்கி செய்யாத வேலையை அவர் செய்கிறார். சங்கடம் என்னவென்றால், விலை தெரிந்தவர் அவர் ஒருவர் மட்டும்.

அவருக்கும் மேலே விலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கை மிளகுக்குக் காரம் கூட. அதனால் சாறு எடுக்கிற இந்தியக் கம்பனிகள் அதை விரும்பி வாங்குகின்றன. 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை வர்த்தக உடன்படிக்கையில் வருடத்துக்கு 2,500 தொன் மிளகு தீர்வையில்லாமல் போகலாம் என்று இருக்கிறது. 2017 டிசம்பரில் இந்திய அரசாங்கம், கிலோ 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக்கூடாது என்று ஓர் உத்தரவு போட்டது. டில்லியில் போட்ட கையெழுத்து! அது மாவனல்லைக் கடை வாசலுக்கு எப்படி வந்து சேரும்? "விலை இறங்கிட்டு தங்கச்சி" என்ற ஒரு வார்த்தையாகத்தான். ஏன் இறங்கியது, எப்போது ஏறும், இப்போது விற்பதா, இரண்டு மாதம் வைத்திருப்பதா? இதெல்லாம் தெரிந்தால்தானே ஒருவர் யோசித்து முடிவெடுக்கலாம்.

விலை தெரிவது உண்மையிலேயே பையில் காசாக வந்து விழுமா என்று நீங்கள் கேட்கலாம். வடகேரளக் கரையில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1997க்கும் 2001க்கும் இடையில் அங்கே கையடக்கத் தொலைபேசி வந்தது. அதற்கு முன் மத்தி மீன் ஒரு துறையில் வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டப்படும். சில மைல் தள்ளி இன்னொரு துறையில் மீனே இருக்காது. போன் வந்ததும் மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டுவிட்டு எந்தத் துறைக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள். ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி மீனவர்களின் இலாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது, மீன் வீணாவது அநேகமாக நின்றுபோனது. விற்றவருக்கும் நன்மை, வாங்கியவருக்கும் நன்மை.

இனி எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். வானொலிக்காரர்கள் பெருமைப்படலாம். மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏறி, கம்பளைப் பக்கம் திரும்பிப் போனால் கொத்மலை. மகாவலித் திட்டத்தில் அணை கட்டியபோது அங்கே ஏராளமான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அந்த மக்களுக்காக 1989இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு சமூக வானொலியைத் தொடங்கியது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குக் கேட்கும் சின்ன நிலையம்.

1998, 99 காலத்தில் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே இணையம் வந்தது. அப்போது கொழும்பிலேயே இணையம் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கொத்மலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வானொலியிலேயே இணையத்தைத் தேடினார்கள். நேயர்கள் கடிதத்தில் கேள்வி அனுப்புவார்கள். என் மரக்கறிக்கு இந்த நோய் வந்திருக்கிறது, என்ன செய்வது? இந்தப் பயிருக்கு வெளிநாட்டில் சந்தை இருக்கிறதா? அறிவிப்பாளர் இணையத்தில் தேடுவார். கிடைத்தது ஆங்கிலத்தில் இருக்கும். விஷயம் தெரிந்த ஓர் உள்ளூர்க்காரர், வைத்தியரோ விவசாய அதிகாரியோ, பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொந்த மொழியில் விளக்குவார். கணினியைத் தொடாத ஒருவர் அடுப்படியில் இருந்தபடி இணையத்தைக் கேட்டார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் வந்து பார்க்கக் கணினி வைத்தார்கள்.

உலகம் முழுவதும் இதைப் பற்றி எழுதினார்கள். குறையும் இருந்தது. திட்டம் வெளிப் பணத்தில் ஓடியது. தொடக்கத்தில் இருந்த வேகம் நிலைக்கவில்லை. நம்மைப் பொறுத்தவரை பெரிய குறை வேறொன்று. சுற்றிவரத் தேயிலைத் தோட்டம், தோட்டம் நிறையத் தமிழ் மக்கள். நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் சிங்களத்தில். பக்கத்து மலைக்கு வந்த இணையம் லயத்துக்குள் நுழையவில்லை.

இதே காலத்தில் புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் அறிவு மையங்களைத் திறந்தது. வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். அங்கே ஒலிபெருக்கி, கொத்மலையில் வானொலி. இரண்டு இடத்திலும் இணையத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஊராள் ஒருவர் நின்று பேசினார். கணினிப் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போன இடங்களில் பெட்டி தூசு படிந்துதான் போனது. நம் நாட்டில் 2004க்குப் பிறகு வந்த 'நெனசல' அறிவகங்களிலும் இதைப் பார்த்தோம். நல்ல பொறுப்பாளர் இருந்த அறிவகம் ஓடியது. இல்லாத இடத்தில் பிள்ளைகள் கேம் விளையாடினார்கள்.

இன்றைக்கு அந்தப் பெட்டி போனாக எல்லார் கையிலும் இருக்கிறது. மாவனல்லையில் வட்ஸ்அப் குரூப் இல்லாத பள்ளிவாசல் இல்லை, பாடசாலை இல்லை. தோட்டத்திலும் அப்படித்தான். திறந்து பார்த்தால் என்ன இருக்கிறது? காலை வணக்கம், மரண அறிவித்தல், மத்திய கிழக்கு வேலை விளம்பரம், எங்கிருந்தோ வந்த மருத்துவக் குறிப்பு. வேண்டாம் என்று சொல்லவில்லை. மரண அறிவித்தல் உடனே தெரிவது பெரிய உதவி. இவ்வளவு பேர் கூடியிருக்கிற இடத்தில் மிளகு விலை மட்டும் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு குரூப் போதும். தோட்டத்தாரும் கிராமத்தாரும் கடைக்காரரும் சேர்ந்தது. அதில் ஒரே ஒரு சட்டம்: விலை சொன்னால் முழுதாகச் சொல்லவேண்டும். எந்த ஊர்க் கடை, என்ன திகதி, எத்தனை கிலோ, எவ்வளவு காய்ந்தது, கையில் கிடைத்தது எவ்வளவு. "மிளகு விலை ஏறிட்டாம்" என்ற செய்திக்கு அங்கே இடமில்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் வெளியிடுகிற வாராந்த விலையை ஒருவர் எடுத்துத் தமிழிலும் சிங்களத்திலும் குரலில் பதிந்து போடட்டும். எழுத்து வாசிக்கத் தடுமாறுகிற பெரியவர்கள் குரலென்றால் கேட்பார்கள். திருப்பி அனுப்பவும் செய்வார்கள். கொத்மலை அறிவிப்பாளர் செய்த வேலையை, பாடசாலை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு தங்கச்சி செய்யலாம்.

விலை தெரிந்தால் மட்டும் போதாது. ஒன்றரைக் கிலோவுக்கு யாரும் பேரம் பேச வரமாட்டார்கள். ஒரு லயத்தில் பத்து வீடு, ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ. "வெள்ளிக்கிழமை லொறி சந்திக்கு வருது, சாக்கைக் கொண்டு வாங்க" என்று ஒரு குரல் போனால், பத்து இரண்டு கிலோ ஒரு மூட்டையாகிறது. மூட்டைக்குத் தனி விலை. ஊரடங்கு நாட்களில் மரக்கறி லொறி எங்கே நிற்கிறது என்று இப்படித்தானே சொல்லிக்கொண்டோம்? 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் எந்த ஷெட்டில் பெற்றோல் வந்திருக்கிறது என்று இப்படித்தானே தேடினோம்? நெருக்கடியில் தெரிந்த வித்தையை நல்ல காலத்தில் ஏன் விட்டுவிட வேண்டும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இதே போன், இதே குரூப், 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளை எரிப்பதற்கு ஆள் சேர்த்தது. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவில் தடை செய்தது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக இரண்டு வருடம் கழித்து பேஸ்புக் கம்பனி மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடை எரிந்ததுதான். மாவனல்லைக்கு இந்த வேதனை புதிதல்ல. 2001 மே மாதத்தில் அங்கே கடைகள் எரிந்தபோது யார் கையிலும் இணையம் இருக்கவில்லை. ஆகவே போனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஆனால் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூன்று பேரும் விலை கேட்கிற ஒரு குரூப் இருந்தால், அதில் ஒரு வதந்தி விழும்போது "அந்தக் கடையில் நான் இப்பதான் நிற்கிறேன், அப்படி ஒன்றும் நடக்கல்ல" என்று சொல்ல ஒருவர் இருப்பார். குரூப்பை மொழிவாரியாகப் பிரித்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுதான் காரணம்.

கடைசியாக, முகவரி. கித்துள் கருப்பட்டியோ பின்னிய கூடையோ கொழும்புக்காரர் ஒருவருக்கு இணையத்தில் விற்கலாம். வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அது எங்கே வரும்? தோட்டத்தில் பல லயங்களுக்கு வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. கடிதமென்றால் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. கூரியர்காரர் சந்தியில் நின்று போன் அடிப்பார், சிக்னல் இல்லை, பொதி திரும்பிப் போகும். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தித்தான் சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்ய வழி விட்டார்கள். வீதி விளக்குக்கும் கொங்கிறீட் பாதைக்கும் மனுக் கொடுக்கிறோம். அதே மனுவில் இன்னொரு வரி சேர்க்கலாம்: லயத்துக்கு ஒரு பெயர், கதவுக்கு ஓர் இலக்கம். பெரிய செலவில்லை, பெயின்ட் ஒரு பேணி.