அளந்து செலவழிப்போம்

(தோட்டக் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



நான் கல்முனைக்காரன். எங்க ஊர்ப் பக்கம் கடலும் வயலும்தான். இங்கே மாசம் ஒருமுறை சம்பளம், நடுவிலே ஒரு முற்பணம். அங்கே விவசாயிக்கு வருஷத்தில் ரெண்டே தடவைதான் காசு: பெரும்போக அறுவடைக்கு ஒன்று, சிறுபோகத்துக்கு ஒன்று. ஆகவே கையிலே காசு வந்த நாளும் தெரியும், காசில்லாத நாளும் தெரியும்.

என் வாப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் காணி இருந்தது. நெல் அறுத்த மாசம் வீடு கலகலப்பாக இருக்கும். சொந்தக்காரருக்கெல்லாம் சாப்பாடு. கேட்டவருக்கெல்லாம் கைமாற்று. ஐப்பசியில் விதைக்கப் போகும்போது விதை நெல்லும் இருக்காது, பசளைக்குக் காசும் இருக்காது. முதலாளியிடம் போவார். அறுவடையில் நெல்லாகத் தாறேன் என்று வாங்குவார். அறுவடை நேரம் நெல் விலை விழுந்து கிடக்கும். கடனுக்குக் கொடுக்கும் மூட்டை கூடிவிடும். இப்படியே நாலைந்து போகம் போனது. கடைசியில் காணியை ஈடு வைத்தார். அது திரும்பி வரவே இல்லை. வாப்பா குடிக்கிறவரில்லை, சூதாடுகிறவரில்லை. நல்ல மனுஷன். அளவு தெரியாமல் போனதுதான் அவர் செய்த பிழை.

உம்மா வேறு மாதிரி. ஒவ்வொரு நேரமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு டின்னிலே போடுவா. எங்கள் பக்கம் அதைப் பிடியரிசி என்று சொல்வார்கள். 1990இல் பிரச்சினை நேரம், ஊரடங்குச் சட்டம் போட்டு கடையெல்லாம் மூடிக் கிடந்தது. அப்போது எங்கள் பிள்ளைகள் வயிறு காயாமல் பார்த்தது அந்த டின்தான். ஒரு பிடி குறைந்ததாலே அதற்கு முன்னே எந்த நாளும் நாங்கள் பசியோடு படுக்கவில்லை. ஆனால் அந்தப் பிடி சேர்ந்தபோது ஒரு குடும்பமே தப்பியது.

இப்போது நம்ம தோட்டத்துக் கதைக்கு வருவோம். உங்கள் பாட்டன் பூட்டன் காலத்துத் துண்டு முறையைப் பற்றிப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவருடைய கடன் எவ்வளவு என்று ஒரு துண்டிலே எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கடனைக் கட்டுகிறவர்தான் ஆளைக் கொண்டு போகலாம். கடன்தான் விலங்கு. 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டை ஒழித்தார்கள். துண்டு போய்விட்டது, சரி. வீட்டிலே கடன் அட்டை எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நெஞ்சிலே கை வைத்துப் பாருங்கள்.

சம்பளம் போதாது என்று சொல்வீர்கள். உண்மைதான். அதைக் கேட்டுப் போராடுவது உங்கள் உரிமை, நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1350 ரூபா ஆனது. இடையிலே 2022இல் மாவு, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் ஏறின ஏற்றத்தையும் மறக்கவில்லை. ஆனால் கூடின காசு வீட்டுக்கு வந்ததா, வழியிலேயே போனதா என்று பார்ப்பது நம்ம கையிலே இருக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2024இல் வந்த அந்த 1350 ரூபாப் பேருக்கு சேமலாப நிதி 8 வீதம் போனால் கையிலே 1242 ரூபா. வெற்றிலை, புகையிலை, சுருட்டு என்று ஒரு நாளைக்கு 100 ரூபா செலவானால் மாசத்துக்கு 3000 ரூபா. அதாவது ரெண்டு பேருக்கு மேலே. மழையிலும் அட்டைக்கடியிலும் ரெண்டு நாள் கொழுந்து பறித்தது வாயிலே மென்று துப்பத்தானா? அந்த வெற்றிலை பாக்கு வாய்ப்புற்றுநோய்க்கும் வழி என்று டாக்டர்மார் சொல்கிறார்கள். சாராயம், கசிப்பு பற்றி நான் சொல்லவே தேவையில்லை. சம்பள நாள் இரவு லயத்திலே பிள்ளைகள் பயந்து ஒதுங்குகிறதை நீங்களே பார்க்கிறீர்கள்.

இனி கிழமைக் கடன். 50,000 ரூபா எடுக்கிறீர்கள். 20 வீத வட்டி என்கிறார்கள். 52 கிழமையில் 60,000 கட்டவேண்டும், கிழமைக்கு ஏறக்குறைய 1154 ரூபா. நீங்கள் கட்டக் கட்ட முதல் குறைகிறது, ஆனால் வட்டி மட்டும் முழு 50,000க்கும் போட்டபடியே இருக்கிறது. பாதி வருஷம் போனால் உங்கள் கையிலே இருக்கிறது பாதிக் கடன்தான். ஆகவே உண்மையான வட்டி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இந்த நுண்கடன் நாட்டையே எவ்வளவு அழவைத்தது என்றால், 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்குக் குறைந்த கடனை ரத்துச் செய்ய முன்வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள். அதுதான் கிணற்றுக்குள்ளே இறங்குகிற படி.

கஞ்சத்தனம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பிள்ளைக்குப் புதுச்சட்டை வேண்டும்தான். ஆனால் தீபாவளி முற்பணம் பிறகு மாசாமாசம் சம்பளத்திலே வெட்டப்படும் என்பதை நினைத்து எடுங்கள். பக்கத்து வீட்டிலே பெரிய டீவி வாங்கினார்கள் என்று நாமும் லீசிங்கிலே வாங்கப் போனால், டீவி பழசாகிற நேரத்திலும் கடன் புதுசாகவே இருக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

மூன்றே மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, வீட்டுக்கு ஒரு கொப்பி வாங்கி, வந்ததும் போனதும் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். பிள்ளைக்கும் வீட்டு நிலைமை விளங்கும். ரெண்டு, சம்பளம் எடுத்த அன்றைக்கே ஒரு சிறு தொகையை முதலில் எடுத்து வையுங்கள், மிச்சத்தைச் செலவழியுங்கள். மிஞ்சினால் சேமிப்போம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. மூன்று, புருஷனும் பொஞ்சாதியும் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் எந்தக் கடன் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள். கணக்கிலே பிழை இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம், ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். என் வாப்பாவுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. உங்களுக்குச் சொல்ல நான் இருக்கிறேன்.