கிணற்றடியில் ஒரு வட்டத் தோல்

குக்கர் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் ஆவி பக்கவாட்டில் சீறுகிறது. பாத்திரம் துலக்கும் இயந்திரத்தின் கதவு ரப்பர் நைந்தால் சமையலறைத் தரையில் நீர் பரவுகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் கசிவுகள். கோவை வட்டாரக் கிணறுகளிலோ கண்ணுக்குத் தெரியாத கசிவு ஒன்று உண்டு. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கொங்கு நாட்டில் மோட்டார் வருமுன் எருதுகள் கவலை இழுத்தன. சாலின் அடியிலுள்ள தோல் தும்பி கிழிந்தால், மேலே வந்து சேருமுன்பே தண்ணீர் கிணற்றிலேயே ஒழுகிவிடும். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் இப்பகுதியில் மின்சாரம் பரவியது. பம்புத் தொழிலும் செழித்தது. தும்பி போயிற்று, தோல் போகவில்லை. உறிஞ்சு குழாயின் நுனியில் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் ஃபுட்வால்வில், சிறு வட்டத் தோலாக அது குடிபுகுந்தது. இந்நாளில் பலவற்றில் ரப்பர் உண்டு, வேலை ஒன்றே.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் அது குழாயினுள் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரை அழுத்தும் வளிமண்டலமே நீரை மேலே தள்ளுகிறது. 1644-இல் டாரிசெல்லி எழுதிய கடிதம் ஒன்றில் இக்கருத்து விளக்கப்பட்டிருக்கிறது. கடல் மட்டத்திலேயே சுமார் 10.3 மீட்டருக்கு மேல் இவ்வழியே நீர் ஏறாது. நடைமுறையில் 6, 7 மீட்டர் கிடைத்தாலே நன்று. ஆழ்ந்த கிணறுகளில் பம்பைக் கரையில் வைக்காமல், உள்ளே மேடை அமைத்து இறக்கி வைத்தது இதனால்தான்.

பம்பின் சக்கரம் வெறுங்காற்றைச் சுழற்றிப் பயனில்லை. காற்று நீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. ஆகவே சுவிட்சைப் போடுமுன் குழாயும் பம்பும் நீரால் நிரம்பியிருக்க வேண்டும். இரவெல்லாம் அந்நீரைத் தாங்கி நிற்பது அந்தத் தோல். அது நைந்தால், மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரமும் குடம் குடமாக ஊற்றுவதிலேயே கழியும். வாடும் மஞ்சள் பயிர் அதுவரை காத்திராது.

தோல் நன்றாயிருந்தும் பம்பு நீர் பிடிக்கவில்லையா? உறிஞ்சு குழாயின் இணைப்புகளை ஐயுறுங்கள். பம்பு ஓடும்போது அங்கே துளி சொட்டாது. வெளிக்காற்றுதான் உள்ளே நுழையும். சோப்பு நுரையைத் தடவினால், நுரை உள்வாங்கும் இடமே ஓட்டை. பம்பின் தண்டைச் சுற்றிய கிளாண்டுக் கயிற்றின் கதை வேறு. அங்கே சொட்டுச் சொட்டாக நீர் வடிவது குற்றமன்று. தண்டைக் குளிர்விப்பது அந்நீரே. ஒரு சொட்டும் வரக் கூடாதென்று மரையை இறுக்குவோர் கயிற்றைக் கருக்கித் தண்டையும் தேய்க்கிறார்கள். இந்த மிகைச் சுறுசுறுப்பு எனக்குச் சோம்பலைவிட அபாயமாகத் தோன்றுகிறது.

தோலை மாற்றுவது எளிது. குழாயை மேலே தூக்குவதே கடினம், அதற்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். பழைய தோலின் அளவுக்கே புதியதை வெட்டி நீரில் ஊறவைக்க வேண்டும். உலர்ந்த தோல் விறைத்து நிற்கும், படியாது. தோல் அமரும் உலோக விளிம்பில் மணலோ பாசியோ இருக்கலாகாது. வால்வைக் கிணற்றில் இறக்குமுன் நிமிர்த்திப் பிடித்து, உள்ளே நீர் ஊற்றிப் பாருங்கள். அடியில் ஒழுகாவிடில், எதிரெதிர் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முடுக்கிக் குழாயோடு இணைக்கலாம். பிறகு குமிழி அடங்கும்வரை நீர் ஊற்றி, மறுநாள் காலை பம்பின் மேல் மூடியைத் திறந்து பாருங்கள். நீர் விளிம்பளவில் நின்றால் வேலை முடிந்தது.