வேகத்துக்கு உரிய இடம்

(ரமலானை முன்னிட்டு நம் அறக்கட்டளை நடத்திய பெற்றோர் – இளைஞர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





ரமலான் நெருங்கிவிட்டது. தராவீஹ் முடிந்து ஸஹர் வரைக்கும் நம் பிள்ளைகள் விழித்திருப்பார்கள். தெருமுனையில் நாலு வண்டி சேரும். சாலை காலியாகக் கிடக்கும். யாராவது ஒரு பையன், "உன் வண்டியா, என் வண்டியா, பார்த்துடலாமா?" என்பான். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

"வண்டியைத் தொடாதே என்று சொல்லப் போகிறார்" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. அப்படிச் சொல்லப் போவதில்லை. ஆர்எக்ஸ் 100 சத்தம் கேட்டால் எனக்கும் தலை திரும்பத்தான் செய்கிறது. எங்கள் கல்லூரிக் காலத்தில் அந்த வண்டி வைத்திருந்தவனுக்கு வகுப்பில் தனி மரியாதை இருந்தது.

நம் இளைஞர்கள் தேடி அலையும் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு நல்ல வரலாறு உண்டு. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி ஜாவாவையும் பிறகு எஸ்டியையும் செய்தது. 1983-இல் ராஜ்தூத் 350 வந்தது. 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, 1996 வரை விற்பனையில் இருந்தது. 98 சிசிதான், 11 குதிரைத் திறன்தான். ஆனால் வண்டி எடை மிகக் குறைவு. அதனால்தான் அந்தப் பாய்ச்சல்.

அந்த எஞ்சின் வேலை செய்யும் விதத்தைப் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய நாலு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் இரண்டு முறை மேலே போய்க் கீழே வந்தால்தான் ஒரு வெடிப்பு. டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு முறையும் வெடிப்பு. நாலு ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்கள் வழியாகத்தான் கலவை உள்ளே வருவதும் புகை வெளியே போவதும். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும்; எரியாத பெட்ரோலும் கொஞ்சம் புகையோடு வெளியேறிவிடும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய பிறகு இந்த வண்டிகள் நின்றுபோனதற்கு அதுவே காரணம்.

இந்த எஞ்சினின் குணமும் தனி. குறைந்த சுற்றில் சோம்பலாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட சுற்றைத் தாண்டினால் திடீரென்று பாயும். சைலன்சருக்குள் போன புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே தப்பப் பார்த்த புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேரும்போதுதான் அந்தப் பாய்ச்சல். பழகாத கை அதை எதிர்பார்க்காது, முன்சக்கரம் தூக்கிவிடும்.

அடுத்து, பிரேக். அந்தக் காலத்து ஆர்எக்ஸ் 100-இல் முன்னும் பின்னும் டிரம் பிரேக், மெல்லிய டயர். ஆக்ஸிலேட்டரை விட்டால் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும்; டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. இதற்கு மேல் நம் பிள்ளைகள் போர்ட் அறுக்கிறார்கள், ஜெட் மாற்றுகிறார்கள், சைலன்சரைக் குடைகிறார்கள். வேகம் கூடுகிறது. பிரேக் 1985-இல் இருந்த பிரேக்தான்.

ஆயில் குறைந்தாலோ, கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறினாலோ, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் "சீஸ் ஆயிடுச்சு" என்பார்கள். முழு வேகத்தில் அது நடந்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் கிளட்சைப் பிடிக்கத் தெரிந்தவன் தப்பிப்பான். அதனால்தான் பழைய ரேஸ்காரர்களின் ஒரு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கும்.

கணக்கையும் பாருங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 28 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஏறக்குறைய அந்த ஒரு விநாடி போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகிறது. ஸஹருக்குப் பால் வாங்கச் சாலையைக் கடக்கும் ஒரு பெரியவருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

டிராக் ரேஸ் என்பது உண்மையில் என்ன? நேரான பாதை, கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டிரண்டு வண்டியாக விடுவார்கள். மஞ்சள் விளக்குகள் எரிந்து, பச்சை விழுந்த பிறகே கிளம்ப வேண்டும். முந்திக் கிளம்பினால் சிவப்பு விளக்கு. அந்த ஓட்டம் செல்லாது. விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மின்னணுக் கருவி நேரம் எடுக்கும். வண்டியை முன்கூட்டியே சோதிப்பார்கள். முழு ஹெல்மெட், தோல் உடை, கையுறை, பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆம்புலன்ஸ் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 402 மீட்டர் முடிந்த பிறகு வண்டி வேகம் குறைந்து நிற்பதற்கென்றே நீண்ட காலிப் பாதை இருக்கும். நடுராத்திரிச் சாலையில் அந்தப் பாதை எங்கே இருக்கிறது? அங்கே ஸ்பீடு பிரேக்கர் இருக்கும், நாய் இருக்கும், விளக்கில்லாத லாரி நிற்கும்.

நம் சென்னைக்கு இதில் பெரிய பாரம்பரியமே உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் அவர்கள் நடத்திய ரேஸைப் பார்க்க நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே கட்டினார்கள். அங்கே முறையான டிராக் ரேஸ் போட்டிகள் நடந்திருக்கின்றன. டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. போட்டிக்கான உரிமம் எடுத்துக்கொண்டு போய் ஓட்டலாம். உன் வண்டி நிஜமாகவே வேகமானதா என்று அங்கே கருவி சொல்லும். தெருவில் கைதட்டுபவன் சொல்வது கணக்கில் சேராது.

நம் மார்க்கம் பந்தயத்தை வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு அல்-ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரம். தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்டிருந்தன. பயிற்சிக்கு ஏற்றபடி பிரிவும் இருந்தது. அந்த ஒழுங்கை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி, அரசு அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் பொறுப்பு. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தாய்மார்களே, "சின்னப் பையன் ஆசைப்படுகிறான்" என்று சாவியைக் கொடுக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியில், ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது என்ற நிபந்தனை இருக்கும். அந்தச் சுமை யார் தலையில் விழும்? நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் படிப்பவன் நான். பெயர் சொல்லமாட்டேன். தொடை எலும்பில் கம்பி வைத்த பையன் ஒருவன். அத்தா தையல் வேலை. அக்காவின் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை அடகுக் கடைக்குப் போனது. நம்மால் முடிந்ததைக் கொடுத்தோம். அது ஒரு ஆபரேஷனுக்குக்கூடப் போதவில்லை. அந்த ஓட்டம் அரை நிமிடம்கூட நீடித்திருக்காது.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

பெற்றோரே, வீட்டில் பழைய வண்டி இருந்தால் அதன் ஆர்.சி.யைப் பாருங்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். சைலன்சரும் எஞ்சினும் மாற்றப்பட்டிருந்தால் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

இளைஞர்களே, வண்டி மேல் ஆசை இருந்தால் முதலில் அதைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் பழைய பாகம் பார்த்து வாங்குவதும், ரீபோர் அளவு பார்ப்பதும், பிளக்கின் நிறத்தை வைத்து கலவையைச் சொல்வதும் சோறு போடும் கைத்தொழில். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள். அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

ஜமாஅத் பெரியவர்களே, தராவீஹுக்குப் பிறகு நம் மண்டபத்தைப் பூட்டாமல் ஸஹர் வரைக்கும் திறந்து வையுங்கள். கேரம் போர்டும் டீயும் இருந்தால் போதும். பாதிப் பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள். விருப்பமுள்ளவர்களை அடுத்த போட்டி நடக்கும்போது இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போக அறக்கட்டளை வேன் ஏற்பாடு செய்யும், இன்ஷா அல்லாஹ்.

இந்த ரமலானில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஸஹர் நேரத்தில் தாயின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.